இது பொது மண்டபம் அல்ல

காலைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வெச்சுக்கங்க தம்பி. மிதிச்சிராதீங்க, பெயிண்ட் உதிர்ந்துரும். பலகைதான். உங்க மேல சாயாது, நான் பிடிச்சுக்கிறேன்.

இதுக்குப் போய் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டுப் போறான் பாருங்க கண்டக்டர். போன வாரம் இதே பஸ்ல ஒரு அம்மா ஒரு மூட்டை கருவாட்டை சீட்டுக்கு அடியில தள்ளிக்கிட்டு வந்துச்சு. பஸ்ஸே நாறுச்சு. அது லக்கேஜ் இல்லையாம். சீட்டுக்கு அடியில போயிட்டா அது பை, வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அது லக்கேஜுங்கறான். எங்கப்பா அப்படி எழுதியிருக்குன்னு கேட்டேன். "பெருசு, டிக்கெட்டைப் பிடி, பின்னால ஆளு நிக்கிது"ன்னு போயிட்டான். இந்த நாட்டுல ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அந்தந்த நாற்காலியில உக்காந்திருக்கிற ஆளுகிட்டதான் கேக்கணும் போல.

அந்தப் பையில தெரியறது கருப்புக் கோட்டுதானே? நெனச்சேன். ஏறும்போதே பாத்துட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். ஜூனியரா? சரி, யாரா இருந்தா என்ன, சட்டம் படிச்சிருக்கீங்கள்ல. மதுரை போக நேரம் கெடக்கு. ஒரு சங்கதி கேக்கணும். எங்க வக்கீல்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். "அது சந்தர்ப்பத்தைப் பொறுத்ததுங்க"ன்னார். சந்தர்ப்பத்தைப் பொறுத்ததுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு வக்கீல் எதுக்கு? அதை எங்க வீட்டு வேலைக்காரம்மாவே சொல்லும்.

பொதுன்னா என்ன தம்பி?

சிரிக்காதீங்க. நானும் ஒரு காலத்துல சிரிச்சவன்தான். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், பொதுன்னா பொது. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். ஒரு வருஷமா அந்த ரெண்டு எழுத்து என்னைப் போட்டு வாட்டி எடுக்குது.

என் பேரு அருணகிரி. சாத்தனேரி. மெயின் பஜார்ல வத்தல் கமிஷன் கடை. எங்க சங்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு நான்தான் செயலாளர். சங்கம்னா, எங்க ஆளுங்க சங்கம். எங்க அப்பா காலத்துல இருந்து பஜார்ல எறங்குற ஒவ்வொரு மூட்டைக்கும் மகமைன்னு ஒரு சின்னத் தொகை பிடிச்சு, சேத்து, கட்டுன மண்டபம். ஒரு பைசா வெளியாள் காசு கெடையாது. வாசல்ல கல்வெட்டு இருக்கு. "பொது நலனுக்காகக் கட்டப்பட்டது." எங்க அப்பாதான் அந்த வாசகம் எழுதினார். நல்ல மனசோட எழுதினார். அவரு எழுதிட்டுப் போயிட்டார், பதில் சொல்றது நான்.

இப்ப மணி என்ன தம்பி? சரி, சரி.

ஆரம்பம் என்னன்னா, ஒரு லைன்மேன். கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டையரானவர், மில்லுத் தெருக்காரர். மூத்த மகன் கல்யாணத்துக்கு மண்டபம் வேணும்னு வந்தார். எங்க வழக்கம் என்னன்னா, வெளியாள் வந்து கேட்டா இல்லன்னு மொகத்துக்கு நேரா சொல்ல மாட்டோம். அது மரியாதை இல்ல. "அந்தத் தேதி போயிருச்சுங்களே"ன்னு சொல்லுவோம். அவங்களும் புரிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்க. எம்புட்டு வருஷமா அப்படித்தான் நடக்குது, யாருக்கும் மனசு நோகல. இவருகிட்டயும் அதைத்தான் சொன்னேன். காப்பி கூட வாங்கிக் குடுத்தேன்.

மனுசன் என்ன பண்ணினார் தெரியுமா? அந்தத் தேதியில காலையில வந்து மண்டப வாசல்ல நின்னுட்டார். பூட்டிக் கெடக்கு. ஒரு தோரணம் கெடையாது, ஒரு வாழை கெடையாது. "கல்யாணம் எங்கய்யா?"ங்கறார். கூட அவரு ரெண்டாவது மகன் வேற. கல்வெட்டைக் காட்டி, "பொது நலனுக்குன்னு போட்டிருக்கே, நாங்க பொது இல்லையா?"ன்னு கேக்கறான். அமைதியாத்தான் கேட்டான், சத்தம் போடல. அதுலதான் எனக்குக் கோபம் வந்துச்சு. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

எனக்கு அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் கெடையாது தம்பி. கடைக்கு யாரு வேணும்னாலும் வரலாம், ஒரே தராசு, ஒரே வெலை. ஆமா, தம்பிக்கு எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, கீழ்ப்பக்கமா? சும்மாதான் கேட்டேன். பேச்சுக்கு. சொல்லாட்டி விடுங்க.

அன்னைக்கே கமிட்டியக் கூட்டினோம். இனிமே எவனும் வாசல்ல வந்து கேள்வி கேக்கக் கூடாது, ஒரு பலகை மாட்டிருவோம்னு முடிவு. அதுதான் இந்தப் பலகை. நல்ல தேக்கு. வாசகத்தை என் மகதான் எழுதிக் குடுத்தா. ஹேமான்னு பேரு, ஒரே மக. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில மருந்தகத்துல வேலை, லீவுக்கு வந்திருந்தா. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். பெரிய தாள்ல பென்சில் கோடு போட்டு எழுதினா. "இது பொது மண்டபம் அல்ல. சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்." எழுதிட்டு, "அப்பா, 'அல்ல'ங்கறதை மட்டும் சிவப்புல போடவா?"ன்னு கேட்டா. போடுன்னேன். அவ கேலி பண்றாளோன்னு அப்ப எனக்குத் தோணல. பெயிண்டர் அதைப் பாத்து அப்படியே எழுதிட்டான்.

மாட்டி ஒரு மாசம் கூட ஆகல. நகராட்சியில இருந்து வருவாய் ஆய்வாளர் அம்மா வந்துச்சு. பலகையப் பாத்துச்சு. போன்ல ஒரு போட்டோ எடுத்துச்சு. "பொது மண்டபம் இல்லன்னா சொத்து வரியில விலக்கு எப்படிங்க வாங்கறீங்க? பொது நலனுக்கு நடத்தற கட்டடத்துக்குத்தானே விலக்கு?"ன்னுச்சு.

"அம்மா, எங்க சமூகத்துல எத்தனை ஆயிரம் குடும்பம் இருக்கு தெரியுமா? அது பொது இல்லையா?"ன்னேன்.

"அது உங்க பொது சார். சட்டத்துல இருக்கறது எல்லாரோட பொது"ன்னுச்சு.

பாத்தீங்களா? உங்க பொதுவாம், எல்லாரோட பொதுவாம்! ஒரு வார்த்தையக் கூறு போட்டு விக்கறாங்க. சரி, வரி ஆபீஸ்ல பொதுன்னு சொன்னாத்தான் வண்டி ஓடும்னா சொல்லிட்டுப் போவோம். பெயிண்டரைக் கூப்பிட்டு பலகையோட பின்பக்கத்துல எழுதச் சொன்னேன். "இது பொது மண்டபம். அனைவரும் வருக." இதுக்கும் ஹேமாதான் மாதிரி எழுதிக் குடுத்தா. மதுரையில இருந்து போன்ல போட்டோ அனுப்புச்சு புள்ள. "அனைவரும்"ங்கறது வேணுமாப்பான்னு கேட்டா. சும்மா ஒரு அழகுக்குன்னேன். திருப்பி மாட்டியாச்சு. ஆய்வாளர் அம்மா வந்து பாத்துட்டு அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

அதோட முடிஞ்சுச்சா? தாலுகா ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றார். பலகையப் பாக்கறார். "பொது மண்டபமா? அப்ப பொதுக் கட்டட உரிமம் எங்க? இஞ்சினியர் சான்று எங்க? தீயணைப்புச் சான்று எங்க? அவசர வழி எங்க?"ங்கறார். மாடியில இருந்து எறங்க ரெண்டாவது படிக்கட்டு வேணுமாம். ரெண்டாவது படிக்கட்டுக்கு நான் எங்க போறது? அங்கிட்டு எங்க பங்காளி செவுரு, இங்கிட்டுச் சாக்கடை. ஐயா, இது பேருக்குத்தான் பொது, உள்ள எங்க ஆளுங்க மட்டுந்தான் வருவாங்கன்னேன். பலகையத் திருப்பிக் காட்டினேன். அவரு கொஞ்சம் கொழம்பிட்டார். மேல கேட்டுட்டு வர்றேன்னு போயிட்டார்.

இன்னொருத்தன் வந்தான், பாட்டுக் கம்பெனிக்காரன். கல்யாணத்துல சினிமாப் பாட்டுப் போட்டா அது பொது நிகழ்ச்சி இல்லையாம். அதே மண்டபத்துல, அதே ஸ்பீக்கர்ல, எங்க சங்கத்து நகைக்கடைக்காரன் கண்காட்சி வெச்சு அதே பாட்டைப் போட்டா அது பொது நிகழ்ச்சியாம், லைசென்ஸ் வாங்கணுமாம். போலீஸ்காரர் ஒருத்தர் சொல்றார், வாசல்ல நின்னு சிகரெட் குடிச்சா அது பொது இடம், அபராதம்னு. ஏன்யா, எங்க சங்கத்துக் காசுல கட்டுன வாசல்யான்னா, "ஆளு வந்து போற எடமெல்லாம் பொது இடந்தான்"ங்கறார். எலக்சன் வந்தா ஓட்டுப் பெட்டி வெக்க மண்டபத்தைக் குடுங்கறான். அவன் பொதுவான்னும் கேக்கல, தனியாருன்னும் கேக்கல, சாவிய வாங்கிட்டுப் போயிட்டான். அவன் ஒருத்தந்தான் நியாயஸ்தன்.

ஒரே மண்டபம் தம்பி. ஒரே செவுரு, ஒரே கூரை. நகராட்சிக்குப் பொது இல்ல, தாலுகாவுக்குப் பொது. கல்யாணத்தன்னைக்குப் பொது இல்ல, கண்காட்சிக்குப் பொது. ஒவ்வொரு சட்டத்துக்கும் மொதப் பக்கத்துல அவனவன் அர்த்தம் எழுதி வெச்சிருக்கானாம். எங்க வக்கீல் சொல்றார், "இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்காக"ன்னு ஒரு வரி போட்டுட்டா அப்புறம் அவன் ஆட்டைக் கூட மாடுன்னு சொல்லிக்கலாமாம். படிச்சவங்க பண்ற வேலையா இது? எல்லாரும் ஒரு எடத்துல உக்காந்து, பொதுன்னா இதுதான்னு ஒரு முடிவு பண்ணக் கூடாதா? மனுசன் எப்படி நேர்மையா இருக்கறது?

அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். பலகைக்கு மேல ரெண்டு வளையம், செவுத்துல ரெண்டு கொக்கி. நம்ம வாட்ச்மேன் மாடசாமி. சொல்லி வெச்சேன். "மாடசாமி, நகராட்சி ஜீப்பு தெரு மொனையில தெரிஞ்சா 'பொது'வ மாட்டு. தாலுகா ஜீப்பு தெரிஞ்சா 'அல்ல'வ மாட்டு. ஜீப்பு இல்லாத நேரத்துல எப்பவும் 'அல்ல'தான் வெளிய இருக்கணும்." ரெண்டு ஜீப்பும் வெள்ளை. பேரைப் பாத்துத்தான் திருப்பணும். மாடசாமி கெட்டிக்காரன். சோத்தைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்து திருப்பிருவான். இது ஏமாத்து வேலை இல்ல தம்பி. நீங்க அப்படிப் பாக்காதீங்க. அவங்கவங்க சட்டத்துல என்ன அர்த்தமோ அதைத்தான் அவங்கவங்களுக்குக் காட்டினோம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்துக்கிட்டோம்னுதான் சொல்லணும்.

ஏன் வண்டி நின்னுருச்சு? ரயில்வே கேட்டா? இந்த நேரத்துல என்ன ரயிலு? தம்பி, மணி என்ன ஆச்சு? ஒரு கூட்ஸ் வண்டிக்காக இத்தனை சனம் காத்துக் கெடக்கணும். இதுவும் பொது வசதிதான் போல.

இல்ல, அவசரம் ஒண்ணும் இல்ல. வக்கீல் சாயங்காலந்தான் ஆபீசுக்கு வருவார். இந்தப் பலகைய எடுத்துக்கிட்டு வாங்க, பாக்கணும்னார். இல்ல, அதுக்கு ஏன் காலையிலயே கெளம்பினேன்னா, முன்னக் கூட்டிப் போனா நல்லதுதானே. மதுரையில வேற வேலை எதாச்சும் இருந்தா பாத்துக்கலாம்.

வேட்டியப் பாக்கறீங்களா? பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிட்டு எவனாச்சும் வக்கீல் ஆபீசுக்குப் போவானான்னு பாக்கறீங்க. மத்ததெல்லாம் வெளுக்கப் போட்டிருக்கு. வீட்டுக்காரி ரெண்டு நாளா ஊர்ல இல்ல. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு மதுரைக்குப் போயிட்டா. ஒரு பட்டுச்சேலைய மடிச்சுப் பையில வெச்சா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அண்ணன் வீட்டுல என்ன விசேஷம்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. நாங்க அப்படித்தான், அநாவசியமாப் பேசிக்க மாட்டோம்.

எங்க விட்டேன்? ஆங், பலகை. நல்லாப் போயிக்கிட்டு இருந்துச்சு. நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் ஹேமா லீவுல வந்தா. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், சாப்பிட உக்காந்தோம். எனக்கு ரசம் ஊத்திக்கிட்டே சொல்றா. ஒரு பையன் இருக்கான். கூடப் படிச்சவன். அதே ஆஸ்பத்திரியில வேலை. யாருன்னேன்.

அந்த லைன்மேனோட ரெண்டாவது மகன்.

எந்த வீட்டுக்குத் தேதி இல்லன்னு சொன்னேனோ அதே வீடு! தட்டைத் தள்ளி வெச்சேன். கத்தினேன்னுதான் வெச்சுக்கங்களேன். அவ கத்தல. அவளும் அவனை மாதிரியே அமைதியாப் பேசுனா. "நீங்க சம்மதிக்கணும்னு காத்திருக்கேன்பா. நான் ஓடிப் போகல. கல்யாணம் நம்ம மண்டபத்துல நடக்கணும், தாத்தா கட்டுன மண்டபத்துல. வேற ஒண்ணும் கேக்கல"ன்னா.

"விதி தெரியும்ல ஒனக்கு? ஏழாவது விதி. மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பேரும் சங்கத்து ஆளா இருக்கணும்"னேன்.

"தெரியும்பா. நீங்க எழுதுனதுதானே."

"அப்ப ஏன் கேக்கற?"

கைய அலம்பிட்டு வந்து எதுத்தாப்புல உக்காந்தா. "அந்தப் பலகையில ரெண்டு பக்கமும் நான்தான்பா எழுதிக் குடுத்தேன். ஜீப்பைப் பாத்து மாடசாமி அண்ணன் திருப்பறாரு. நான் வந்தா எனக்கு எந்தப் பக்கம்பா?"ன்னா.

என்ன கேள்வி இது? சொல்லுங்க. இது ஒரு கேள்வியா? பலகைங்கறது ஆபீஸ்காரனுக்கு மாட்டுனது. வீட்டுப் புள்ளை அதைப் பாத்து என்ன ஆகப் போகுது? அதைத்தான் நான் சொன்னேன். அவ தட்டையெல்லாம் எடுத்து அடுக்கினா. அப்புறம் எந்திரிச்சு உள்ள போயிட்டா. சாயங்காலம் பஸ்ல மதுரைக்குப் போயிட்டா. நான் கடையில இருந்தேன். பஸ்ஸு கடை வழியாத்தான் போகும். ஜன்னலோரமா இருந்தாளான்னு கவனிக்கல. கவனிச்சேன், கூட்டமா இருந்துச்சு.

இதுல இன்னொண்ணு சொல்லணும். எங்க சங்கத் தலைவர், எனக்குப் பெரியப்பா மகன், ரெண்டு நாள் கழிச்சுக் கடைக்கு வந்தார். "அருணகிரி, ஒத்தப் புள்ளை. விதி விதின்னு உசுர விட்டுறாத. ஒன் வீட்டு விசேஷம்னா கமிட்டி பாத்துக்கும். பத்திரிகையில மாப்பிள்ளை வீட்டு வெலாசத்தைப் போடாம, வரவேற்புன்னு மட்டும் அடிச்சுரு. எவனும் வாயத் தொறக்க மாட்டான்"னார்.

அவரு எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் சொன்னார். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணே, செயலாளரே விதிய வளைச்சா நாளைக்கு எவன் மதிப்பான்? ஆளுக்கு ஒரு அர்த்தம், நேரத்துக்கு ஒரு அர்த்தம் வெச்சுக்க நான் என்ன கவர்மெண்டா?"ன்னேன். அவரு என்னையப் பாத்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி மண்டபத்தைப் பாத்தார். எந்திரிச்சுப் போயிட்டார். அப்படி இருந்தவன் தம்பி நான். ஒத்தப் புள்ளைக்காகக் கூட ஒரு விதிய வளைக்காதவன். என்னையப் போயி ஏமாத்துக்காரன்னு கேஸ் எழுதியிருக்காங்க.

அந்தக் கேஸா? அது கூட்டு ஆய்வுல வந்தது. கூட்டு ஆய்வுன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. நகராட்சி அம்மாவும் தாலுகாக்காரரும் தீயணைப்பு அதிகாரியும் ஒரே ஜீப்புல வந்துட்டாங்க. தெரு மொனையில ஜீப்பைப் பாத்துட்டு மாடசாமி பேரைப் படிச்சிருக்கான். கலெக்டர் ஆபீஸ் ஜீப்பு! அவனுக்கு நான் அதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. கண்ணாடி வழியா அந்த அம்மா மொகம் தெரியுது, 'பொது'வத் திருப்பினான். பின்சீட்டுல தாலுகாக்காரர் மொகம் தெரியுது, மறுபடி 'அல்ல'வத் திருப்பினான். ஜீப்பு வாசலுக்கு வந்துருச்சு. பாவம், அவன் என்ன பண்ணுவான்? பலகையக் கழத்தித் தரையில போட்டு அது மேல உக்காந்துட்டான்.

எந்திரிப்பாங்கறாங்க. எந்திரிக்க மாட்டேங்கறான். "செயலாளர் வரட்டும்"ங்கறான். நான் கடையில இருந்து ஓடி வர்றதுக்குள்ள அந்த அம்மா போன்ல இருந்த ரெண்டு போட்டோவையும் மத்த ரெண்டு பேருக்கும் காட்டிருச்சு. தீயணைப்பு அதிகாரி சின்ன வயசு. சிரிச்சுட்டார். நான் வந்து மூச்சு வாங்க நின்னு, "ஐயா, உள்ள எங்க ஆளுங்க மட்டுந்தான், பொது இல்ல"ன்னு சொன்னேன். அவரு, "சார், தீப் பிடிச்சா அது எந்தத் தெருன்னு கேட்டுட்டுப் பிடிக்குமா? ஐநூறு பேர் உள்ள இருந்தா எனக்கு அது பொது"ன்னார். சீல் வெச்சுட்டுப் போயிட்டாங்க. உரிமம் வாங்குற வரைக்கும் யாருக்கும் கெடையாது. எங்க ஆளுங்களுக்கும் கெடையாது. இப்ப மண்டபம் யாருக்குமே இல்ல. அது ஒரு விதத்துல எல்லாருக்கும் பொதுதான், இல்லையா?

கேட்டைத் தொறந்துட்டான். அப்பாடா. ட்ரைவர் கொஞ்சம் மிதிச்சா நல்லாருக்கும்.

கேஸ் விஷயமாத்தான் போன மாசம் மதுரைக்கு வந்தேன். வக்கீல் ஆபீசுக்கு எதுத்தாப்புலதான் பதிவு ஆபீஸ். வக்கீல் வரக் கொஞ்சம் நேரமாகும்னாங்க. வெயிலு. அந்த ஆபீஸ் வாசல்ல ஒரு வேப்ப மரம், நெழல்ல போய் நின்னேன். செவுத்துல ஒரு அறிவிப்புப் பலகை. அங்கயும் பலகை பாருங்க, எனக்குன்னு வந்து அமையறது. சும்மா படிச்சுக்கிட்டு நின்னேன். கல்யாண அறிவிப்பு. ரெண்டு பேரு போட்டோ ஒட்டியிருக்கு.

என் மக போட்டோ.

ஊரே பாக்கற மாதிரி ஒட்டி வெச்சிருக்கான் தம்பி! பஸ் ஸ்டாண்டுக்குப் போறவன், டீ குடிக்கறவன், எவன் வேணும்னாலும் பாக்கலாம். உள்ள போய்க் கேட்டேன், என்னய்யா இதுன்னு. "பொது அறிவிப்புங்க. ஆட்சேபணை இருந்தா யாரு வேணும்னாலும் எழுதிக் குடுக்கலாம்"னான். அங்கயும் பொது! "நீங்க யாரு?"ன்னான். நான் என்ன சொல்றது. சும்மா, வழிப்போக்கன்னேன். ஆட்சேபணை எழுதறீங்களான்னு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டறான். வேணாம்னுட்டேன். ஏன் வேணாம்னேன்னு எனக்கே தெரியல. ஒரு வருஷமா பாக்கற ஆபீஸ்ல எல்லாம் ஆட்சேபணை எழுதறவன் நான்.

திரும்ப வெளிய வந்து அந்தப் போட்டோவைப் பாத்தேன். நல்லா இருந்தா. மெலிஞ்சிருந்தா. அவ பேருக்குக் கீழ தகப்பனார் பேருன்னு போட்டு என் பேரு இருக்கு. அருணகிரி, சாத்தனேரி. அதை யாரும் அடிக்கல. அந்தப் பையன் பேரு ராஜசேகர். அது வரைக்கும் எனக்கு அவன் பேரு தெரியாது. கேக்கவே இல்ல பாருங்க நான். வாசல்ல வந்து, நாங்க பொது இல்லையான்னு கேட்டவன். பதில் சொல்லாமத்தான் அன்னைக்கு அனுப்பினேன்.

எனக்கு அவ சொல்லல. இன்னைக்குத்தான் கல்யாணம்னு எனக்கு யாரும் சொல்லல. பத்திரிகை கெடையாது, போன் கெடையாது. உள்ள அந்த ஆளுகிட்ட நானாத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன், எந்தத் தேதி, எத்தனை மணின்னு. பதினோரு மணியாம். எனக்கு என்ன வந்துச்சு, நான் வக்கீலைப் பாக்கத்தான் போறேன். ஆனா எதுத்தாப்புலதானே, போற வழியில...

மணி பத்தேகாலா? பெரியார் பஸ் ஸ்டாண்டு எத்தனை மணிக்குப் போவான்? அங்க இருந்து ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம் இருக்குமா?

தம்பி, நான் கேக்க வந்தது இதுதான். சுத்தி வளச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எங்க வக்கீல்கிட்ட இதைக் கேக்க முடியாது, வெக்கமா இருக்கு. அந்தப் பதிவு ஆபீஸ் இருக்குல்ல, அது பொது எடந்தானே? எந்தச் சட்டத்துல என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது, நீங்க படிச்சிருக்கீங்க. வாசல்ல எவனாச்சும் நின்னு, நீ பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா, ஒன்னைய யாரு கூப்பிட்டான்னு கேப்பானா? இல்ல, அந்தத் தேதி போயிருச்சுன்னு சொல்லிருவானா? கூப்பிடாத ஆளும் உள்ள போயி, ஒரு ஓரமா, கடைசியில நிக்கலாம்ல? எல்லாருக்கும் உள்ள எடந்தானே அது?

சந்தர்ப்பத்தைப் பொறுத்ததுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. போலாமா கூடாதா, அதை மட்டும் சட்டப்படி சொல்லுங்க தம்பி.